உலகம் சுற்ற ஒரே முதுகுப் பை போதுமா? கள்ளக்குறிச்சியில் இருந்து கிளம்புபவர்கள் எதை எடுக்கணும், எதைத் தொடவே கூடாது?

ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு வருஷம் என்று வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பும் இளைஞர்கள் இப்போது சென்னை, கோவையில் மட்டும் இல்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கமிருந்தும் கிளம்புகிறார்கள். வீடியோ பார்த்து ஆசை வருகிறது. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: பையில் என்ன எடுத்துப் போவது?

கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் தவறான பையால் முதுகு வலியோடு பாதியில் திரும்பியவர்கள் உண்டு. பைக்குள் இருந்த ஒரு பொட்டலத்தால் வெளிநாட்டுச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

நீண்ட பயணத்துக்கு மூட்டை கட்டுவது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. கல்வராயன் மலையில் இருந்து காபித் தோட்ட வேலைக்கும் மிளகுத் தோட்ட வேலைக்கும் கேரளா, கர்நாடகா என்று மாதக்கணக்கில் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பளி, தட்டு, இரண்டு செட் துணி, ஆதார், ரேஷன் கார்டு. இதற்கு மேல் அந்த மூட்டையில் பெரிதாக எதுவும் இருக்காது. உலகம் சுற்றுபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் அந்த மூட்டையில்தான் இருக்கிறது.

எத்தனை லிட்டர், எத்தனை கிலோ?

முதுகுப் பையை லிட்டர் கணக்கில்தான் சொல்வார்கள். கடையில் 60, 70 லிட்டர் பை தொங்கும். பார்க்க கம்பீரமாக இருக்கும். வாங்காதீர்கள். இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும், அது மனித சுபாவம். நீண்ட பயணத்துக்கு 35 முதல் 40 லிட்டர் பை போதும். கூடவே நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பை.

ஏன் 40 லிட்டர்? அந்த அளவு பையைத்தான் பெரும்பாலும் விமானத்தில் கையோடு எடுத்துப் போக முடியும். திருச்சியில் இருந்து கோலாலம்பூர் போகும் ஏர் ஏசியாவில் கைப்பைக்கு 7 கிலோ வரம்பு. சிங்கப்பூர் போகும் ஸ்கூட்டில் எகானமி பயணிக்கு 10 கிலோ. இண்டிகோவில் 7 கிலோ, அதோடு ஒரு சின்னக் கைப்பை. இந்த வரம்புகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு விலை விமானத்தில் ஒவ்வொரு முறையும் லக்கேஜுக்குத் தனியாகப் பணம் கட்டினால், பத்து விமானத்துக்கு ஆகும் செலவில் இன்னொரு நாடே பார்த்துவிடலாம்.

உடம்பு தாங்கும் கணக்கு வேறு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் நாள் முழுக்கச் சுமக்கலாம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் முட்டியும் இடுப்பும் கேள்வி கேட்கும். 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ சுகம், 12 கிலோ உச்சவரம்பு. ஆக, 7 கிலோவைக் குறியாக வைத்துக்கொண்டால் விமான நிறுவனமும் முதுகும் ஒத்துப்போகும்.

7 கிலோவில் என்னதான் அடங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு: காலிப் பை 1,300 கிராம், துணி 2,400, செருப்பு 300, சார்ஜர், பவர் பேங்க் வகையறா 1,000, சோப்பு, பேஸ்ட், ஷேவிங் சாமான் 500, மருந்து 300, பேப்பர்கள் 300, துண்டு 200, பூட்டு, நூல், ஊசி போன்ற சில்லறை 200. மொத்தம் 6,500 கிராம். மீதி அரை கிலோ? அது இட்லிப் பொடிக்கு.

வீட்டில் எடை மெஷின் இல்லையென்றால் தெரு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஒரு ஜீன்ஸ் பேன்ட் முக்கால் கிலோ வரை இழுக்கும் என்பது அங்கேதான் தெரியும்.

துணி ஒரு வாரத்துக்குத்தான்

எட்டு மாதப் பயணம் என்றாலும் எட்டு மாதத்துக்குத் துணி எடுக்க முடியாது. ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு துவைத்துத் துவைத்துப் போட வேண்டியதுதான். போட்டிருக்கும் செட் தவிர நாலு டி-ஷர்ட், இரண்டு பேன்ட், ஐந்து உள்ளாடை, மூணு ஜோடி சாக்ஸ், ஒரு லுங்கி அல்லது ஷார்ட்ஸ், குளிருக்கு ஒரு மெல்லிய ஃப்ளீஸ், மழைக்கு மடித்தால் கைக்குள் அடங்கும் ஒரு ஜாக்கெட். மேலே சொன்ன 2,400 கிராம் இதுதான்.

ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்திருக்கணும், அதுதான் துணிக்கான ஒரே தேர்வு. ஜீன்ஸ் அதில் ஃபெயில். கனமான டர்க்கி டவலும் ஃபெயில். வெளிநாட்டு வலைப்பதிவர்கள் 'மைக்ரோஃபைபர் டவல்' வாங்கச் சொல்வார்கள். நம் ஊர் ஈரிழைத் துண்டு அதைவிடச் சீக்கிரம் காயும், எடையும் குறைவு, விலையும் குறைவு. அதையே தலையில் கட்டலாம், வெயிலுக்குப் போர்த்தலாம். கோவில், மசூதி, தேவாலயத்தில் தோளை மூடச் சொன்னால் அதற்கும் ஆகும். லுங்கியும் அப்படித்தான்: பத்து பேர் தங்கும் விடுதி அறையில் உடை மாற்ற, பஸ்ஸில் போர்த்தித் தூங்க, ஜன்னலுக்குத் திரை கட்ட. இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே போய்த் தேடுவார்கள்.

கனமான குளிர் கோட்டு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எடுக்க வேண்டாம். இந்தியாவில் மார்கழி என்றால் ஆஸ்திரேலியாவில் கோடை. நாடுகளின் வரிசையைச் சரியாகப் போட்டால் குளிரைத் தவிர்த்துக்கொண்டே பூமியைச் சுற்றிவிடலாம். தவிர்க்க முடியாமல் பனி நாட்டுக்குப் போனால், அங்கே பழைய துணிக் கடைகளில் கோட்டு கிடைக்கும். வாங்கி, கிளம்பும்போது அங்கேயே கொடுத்துவிடலாம்.

காலுக்கு ஒரு ஷூ, அதைப் போட்டுக்கொண்டே போங்கள். பைக்குள் ஒரு செருப்பு. ஷூ புதுசாக இருக்கக் கூடாது. பெண்கள் சானிட்டரி நாப்கினை மாதக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை, எல்லா நாட்டிலும் கிடைக்கும். மென்சுரல் கப் பழகியவர்களுக்கு இடமும் செலவும் மிச்சம். ஆனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பழகிவிட வேண்டும்.

எதை எங்கே வைப்பது?

பெரும்பாலானவர்கள் கனமான பொருளை அடியில் போட்டு, துணியை மேலே வைத்து அமுக்குவார்கள். தப்பு. கனமானது முதுகை ஒட்டி, நடுவில், தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அடியில் லேசான துணி. வெளிப்பக்கம் மழை ஜாக்கெட், தண்ணீர் பாட்டில். கனம் முதுகை விட்டு வெளியே தள்ளிப்போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும். அதைச் சமாளிக்க நீங்கள் முன்னால் குனிவீர்கள். சாயங்காலம் இடுப்பு பேசும்.

பையில் இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்கணும். முதலில் அதை இடுப்பு எலும்பின் மேல் இறுக்கி, பிறகு தோள் பட்டை, கடைசியில் நெஞ்சுப் பட்டை. சுமையின் பெரும்பங்கு இடுப்புக்கு இறங்கிவிடும். பள்ளிக்கூடப் பை மாதிரி தோளில் மட்டும் தொங்கும் பை இரண்டு மணி நேரத்துக்கு ஓகே. இரண்டு மாதத்துக்கு ஆகாது.

துணியை மடிப்பதைவிடச் சுருட்டுவது இடத்தை மிச்சப்படுத்தும். நம் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோவில் கதை தெரியும் இல்லையா? மழைக்கு ஒதுங்கிய இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று மூன்று ஆழ்வார்கள் நின்ற கதை. துணிக்கும் அதே கணக்குதான். படுக்க வைத்தால் ஒன்று, சுருட்டி நிற்க வைத்தால் மூன்று.

பைக்கு வெளியே மாட்டும் மழை உறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளேயே ஒரு கனமான பாலிதீன் உறை போட்டு, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஆற்றில் விழுந்தாலும் துணி நனையாது.

கல்வராயனில் ஒரு ஒத்திகை

பையைக் கட்டிவிட்டு நேராக விமான நிலையம் போவது நல்ல யோசனை இல்லை. ஒத்திகை பார்க்க நம் பக்கத்திலேயே மலை இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் போகிறது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் பக்கம் 4,000 அடி வரை உயரம். கீழே வேர்த்துக் கொட்டும். மேலே மார்கழி ராத்திரியில் நடுங்கும். ஒரே நாளில் இரண்டு தட்பவெப்பம். உலகப் பயணத்தில் நடக்கப்போவதும் இதுதான்.

முழுப் பையோடு பஸ்ஸில் ஏறுங்கள். கூட்ட பஸ்ஸில் அந்தப் பையை வைக்க இடம் கிடைக்கிறதா, உங்களால் ஒரு கையால் தூக்கி மேலே போட முடிகிறதா என்பது முதல் பரீட்சை. மேலே இறங்கி, வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ சாலை ஓரமாகவே ஏற்ற இறக்கத்தில் மூன்று மணி நேரம் நடங்கள். இரண்டு ராத்திரி தங்குங்கள். துணியை அங்கேயே துவைத்துக் காய வையுங்கள். திரும்பி வந்து பையைக் கொட்டி, தொடாத பொருளை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்து, மழை ஜாக்கெட் தவிர, ஒதுங்கியதில் பாதி உலகப் பயணத்துக்கும் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. காட்டுப் பாதைக்குள்ளும் உள்ளே ஒதுங்கிய அருவிகளுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மழைக்காலத்தில் அருவிப் பக்கம் போகவே வேண்டாம். பல கிராமங்களில் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதையும் ஒரு பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமல் வரைபடம் பார்க்கத் தெரியாதவர்கள், வெளிநாட்டில் சிம் கார்டு வாங்கும் முதல் நாளே தடுமாறுவார்கள்.

சாப்பாட்டுப் பொருள்: கசகசா, கொப்பரை, ஊறுகாய்

அம்மா கட்டிக்கொடுக்கும் பொட்டலங்களில் மூன்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

கசகசா. குருமாவில் அரைத்து ஊற்றுகிற சாதாரணப் பொருள். ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா போன்ற நாடுகளில் தடை. சிங்கப்பூரிலும் அனுமதியின்றிக் கொண்டுபோக முடியாது. துபாயில் இறங்கி வேறு விமானம் மாறுபவர்களுக்கும் இது பொருந்தும். கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியும் வேண்டாம். பொடி அரைக்கும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கொப்பரை. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கையிலும் எடுக்க முடியாது, லக்கேஜிலும் போட முடியாது.

ஊறுகாய். கைப்பையில் வைத்தால் எண்ணெய், திரவம் என்று பிடுங்கிவிடுவார்கள். சர்வதேச விமானங்களில் கையோடு எடுக்கும் திரவம், ஜெல், பேஸ்ட் எதுவானாலும் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லா டப்பாவும் சேர்ந்து 1 லிட்டர் அளவுள்ள ஒரு திறந்து மூடும் பிளாஸ்டிக் கவருக்குள் அடங்கணும். அதனால்தான் ஊறுகாயைவிடப் பொடி உத்தமம். பொடியிலும் அமெரிக்கா போகும் விமானம் என்றால் 350 மில்லிக்கு மேல் கைப்பையில் வேண்டாம், கூடுதல் சோதனைக்கு நிறுத்துவார்கள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தனி உலகம். தேன், விதை, பால் பொருள், கருவாடு, காய்ந்த இலை, மரப்பொருள் எதுவாக இருந்தாலும் இறங்கும்போது கொடுக்கும் அறிவிப்பில் 'இருக்கிறது' என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், அல்லது வாங்கிக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் நியூசிலாந்தில் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பெரிய தொகை, விசாவே ரத்தாகலாம். கல்வராயன் மலைத் தேனையும் கடுக்காயையும் ஆசையாக எடுத்துப் போகிறவர்கள் இதை இரண்டு தடவை படித்துக்கொள்ளவும்.

வெளிநாட்டு நண்பர்களுக்குப் பரிசாகக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் கொண்டுபோக நினைப்பவர்களும் உண்டு. 2021ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பெருமை அது. உள்ளங்கை அளவு சிற்பம் ஒன்று தாராளமாக எடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன இரண்டு நாடுகளில் மரமும் அறிவிக்க வேண்டிய பொருள். ஈட்டி மரம் என்கிற ரோஸ்வுட், சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மரம் என்பதால் கடை பில்லையும் கூடவே வையுங்கள்.

மாத்திரை: அட்டையோடு, சீட்டோடு

இங்கே மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகள் வெளிநாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. கோடீன் கலந்த இருமல் டானிக், டிரமடால் வலி மாத்திரை ஆகியவற்றுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். ஜலதோஷ மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் ஜப்பானில் தடை.

சுகர், பிரஷர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முழு அட்டையாக, பெயர் தெரியும்படி இருக்கணும். சுகாதார நிலையத்தில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பகுதி போய்விடுவது உண்டு. அந்தத் துண்டை எந்த நாட்டு அதிகாரியும் நம்ப மாட்டார். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம்.

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள் உங்கள் பட்டியலில் இருந்தால் அதற்கான தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளில் இருந்து இந்தியா திரும்பினால், நம் ஊர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி 6 நாள் வரை வைத்துவிடுவார்கள்.

சிங்கப்பூருக்கு இன்னொன்று: சூயிங்கம், மின் சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை மூன்றுக்கும் தடை. 'ஒரே ஒரு பாக்கெட்தானே' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பவர் பேங்க்கும் பிளக்கும்

பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான். செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை கேள்வி இல்லை. 20,000 எம்ஏஹெச் என்று எழுதியிருப்பது சுமார் 74 வாட்-அவர். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஓடுபாதை அருகே தீப்பிடித்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்த முடியாது, எடுத்துப் போகலாம் அவ்வளவுதான். சீனாவுக்குள் விமானத்தில் சுற்றுவதாக இருந்தால், அந்த நாட்டின் '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றவே மாட்டார்கள்.

சிங்கப்பூர், மலேசியா, துபாயில் மூன்று சதுரக் கால் பிளக். ஐரோப்பாவில் இரண்டு உருண்டைக் கால். அமெரிக்காவில் இரண்டு தட்டைக் கால். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடாப்டர் கிடைக்கிறது. போன் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் எங்கும் வேலை செய்யும். தண்ணீர் காய்ச்சும் ராடு ஹீட்டரை எடுத்துப் போகிறேன் என்பவர்கள், தயவுசெய்து வேண்டாம்.

பேப்பர்தான் உண்மையான லக்கேஜ்

துணி தொலைந்தால் வாங்கலாம். பேப்பர் தொலைந்தால் பயணமே நின்றுவிடும்.

நிறைய நாடு சுற்றுபவர்கள் 36 பக்க பாஸ்போர்ட்டுக்குப் பதில் 60 பக்க பாஸ்போர்ட் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 1,500 ரூபாய்க்குப் பதில் 2,000 ரூபாய். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் நீங்கள் திரும்பும் தேதியில் இருந்து 6 மாதம் கணக்குப் போட வேண்டும், கிளம்பும் தேதியில் இருந்து இல்லை.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ஒரே பெயர் மட்டும் இருப்பவர்கள் நம்மிடம் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகி வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். விசாவில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர், வங்கிக் கார்டில் ஒரு பெயர் என்றால் ஒவ்வொரு நாட்டிலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பயணத்துக்கு நாலைந்து மாதம் முன்பே பெயரைப் பிரித்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு 'இசிஆர்' பாஸ்போர்ட் வரும். குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டும் விசாவும் கையில் தெளிவாக இருக்கணும், கேள்வி அதிகம் வரும்.

மற்றவை சுருக்கமாக: ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பைக் ஓட்டுவதானால் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, ஒரு வருஷம் செல்லும். இரண்டு வெவ்வேறு வங்கிக் கார்டு, இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், விசா, காப்பீடு எல்லாவற்றையும் கலர் ஜெராக்ஸ் எடுத்து பையில் ஒன்று, வீட்டில் ஒன்று, மெயிலில் ஒன்று. இந்திய சிம்மை ரத்து செய்யாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். நகை போட்டுக்கொண்டு போவதைத் தவிருங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் கிளம்பும்போது சுங்கத்துறையில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது அதற்கே வரி கேட்பார்கள்.

'அண்ணனுக்கு ஒரு சின்ன பார்சல்'

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் வெளிநாடு போவது ஊருக்குத் தெரிந்துவிடும். யாராவது ஒருவர் கவரோடு வருவார். "அங்க என் மச்சான் இருக்கான், ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்." மறுத்தால் மனசு கோணும் என்று வாங்கி வைத்துக்கொள்வோம். அது உறவினராகவே கூட இருக்கலாம்.

2019ல் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி கத்தாருக்குப் போனார்கள். உறவினர் ஏற்பாடு செய்த பயணம். அவரே கொடுத்தனுப்பிய பார்சலுக்குள் சுமார் 4 கிலோ ஹஷீஷ் இருந்தது. இருவருக்கும் 10 ஆண்டு சிறை. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததே சிறையில்தான். தெரியாமல் எடுத்துப் போனார்கள் என்று நிரூபித்து வெளியே வர 2021 ஆனது.

சிங்கப்பூர் சட்டம் இன்னும் கடுமை. பை உங்களிடம் இருந்தால், உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் அல்லது 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை வரை போகும். அங்கே தூக்கிலிடப்பட்டவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

அதனால் யார் கொடுத்தாலும் பார்சல் வாங்காதீர்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், "ஏழு கிலோதான் அலவன்ஸ், ஏற்கனவே ஆறரை ஆயிடுச்சு" என்று சொல்லுங்கள். இந்தக் கட்டுரையின் கணக்குப்படி அது உண்மையும் கூட. பையை நீங்களே கட்டுங்கள். கட்டிய பிறகு யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விமான நிலைய வரிசையில் யாருக்காகவும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இதே மாதிரி இன்னொரு வலை: "சும்மா முதுகுப் பையோட டூரிஸ்ட் விசால தாய்லாந்து போ, அங்க டேட்டா என்ட்ரி வேலை ரெடி" என்று ஏஜென்ட் சொல்வது. அங்கிருந்து மியான்மர் எல்லைக்குள்ளும் கம்போடியாவுக்கும் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்து வைக்கிறார்கள். மியான்மரின் மியாவாடி பகுதியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை 2022ல் மீட்டு வர வேண்டியிருந்தது. சுற்றுலா விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் பதிவு பெற்ற முகவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் கேட்கலாம்.

கிளம்பும் நாளில்

பையை மூடுவதற்கு முன்னால் எல்லாப் பொருளையும் பாயில் பரப்பி ஒரு போட்டோ எடுங்கள். பை தொலைந்தால் காப்பீடு கேட்க அந்தப் போட்டோதான் ஆதாரம். பைக்குள்ளே ஒரு சீட்டில் உங்கள் பெயர், மெயில் முகவரி, வீட்டில் ஒருவரின் போன் நம்பர் எழுதிப் போடுங்கள். வெளியே கட்டும் அடையாள அட்டை அறுந்து போனாலும் உள்ளே இருப்பது இருக்கும்.

பாஸ்போர்ட், ஒரு கார்டு, கொஞ்சம் டாலர், போன் நான்கும் உடம்போடு இருக்கட்டும். சென்னையோ திருச்சியோ, கள்ளக்குறிச்சியில் இருந்து பல மணி நேர பஸ் பயணம். பெரிய பை டிக்கியில் போனாலும் இந்த நான்கும் உங்கள் மடியை விட்டுப் போகக் கூடாது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து, உளுந்தூர்பேட்டை நெரிசலுக்கும் சேர்த்து, ஒரு பஸ் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.